தவணை முடியுமுன் கைப்பேசிக்கு மூப்பு வந்தால்?

சென்ற இரண்டு மாதங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டிடத்தில் நம்மைக் கண்டு பேசிய அன்பர்களின் வாய்மொழியிலும் ஒரே கேள்வி பல உருவில் தலைகாட்டி வருகிறது. "கைப்பேசியைத் தவணைக்கு வாங்கினோம். தவணை இன்னும் பாக்கி நிற்கிறது. ஆனால் கம்பெனியார் அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லுகிறார்கள். நமக்கு ஏதேனும் உரிமை உண்டா, அல்லது போனது போனதுதானா?" என்பதே அக்கேள்வி. உரிமை உண்டு என்பதே நம் மறுமொழி. ஆயின் கையில் காகிதம் வைத்திருப்பவருக்கு அவ்வுரிமை பெரிது, வைத்திராதவருக்குச் சிறிது. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்டேட் என்பது யாது என்று முதலில் கூறிவிடுவோம், அறிந்தவர்கள் பொறுத்தருள்க. கைப்பேசியின் உள்ளே அதனை நடத்தும் மென்பொருள் ஒன்று உண்டு. பெரும்பாலானவற்றில் அது கூகிள் கம்பெனியாரின் ஆண்ட்ராய்டு. சிலவற்றில் ஆப்பிள் கம்பெனியாரின் ஐ.ஓ.எஸ். மனிதர் செய்த எப்பொருளிலும் ஓட்டை இருக்கும். அவ்வோட்டைகளைத் திருடர் தேடுவதும், கம்பெனியார் அடைப்பதும் ஓயாத போட்டியாக நடந்து வருகின்றன. ஓட்டையை அடைக்க அனுப்பப்படுவது பாதுகாப்புத் திருத்தம். புதிய வசதிகளோடு மென்பொருளையே மாற்றித் தருவது வேறொன்று; அது புதிய பதிப்பு. கடைக்காரரோ இரண்டையும் "அப்டேட்" என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். "இதற்கு மூன்று அப்டேட் சார்" என்று அவர் சொல்லும்போது, மூன்று புதிய பதிப்புக்களா, மூன்று வருஷத்துத் திருத்தங்களா என்று நாம்தான் கேட்டுத் தெளிய வேண்டும்.

திருத்தம் நின்றுவிட்டால் கைப்பேசி நின்றுவிடுவதில்லை. அதுவே இதிலுள்ள சூது. பேசலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். இரவுக் காவலாள் வேலையை விட்டுப் போன வீடு மறுநாளே கொள்ளை போய்விடுகிறதா? ஒரு மாதம் போகாது, ஆறு மாதமும் போகாமல் இருக்கலாம். ஆனால் நம்மவர் பலருக்குச் சம்பளம் வந்து விழுந்த செய்தி வருவதும், ஊரிலுள்ள தாயாருக்குப் பணம் போவதும், வீட்டு வாடகை கொடுப்பதும், அந்தக் கைப்பேசியின் தவணையே கழிவதும் அதே கைப்பேசியின் வழியாகத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், காவலாள் இல்லாத வீட்டில் வைத்திருக்கும் பண்டத்தின் அருமை விளங்கும். இன்னும் சில வருஷங்கள் சென்றபின் வேறொரு தொல்லையும் வருகிறது. செயலிகள் பழைய பதிப்புக்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாட்ஸ்அப் கைவிட்டது. அப்பதிப்போடு நின்றுபோன கைப்பேசிகளில் ஊராரின் குரலும் முகமும் அவ்வழியாக வருவது அன்றோடு முடிந்தது.

ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாளின் விஷயத்தை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். கம்பெனியின் பெயரும் வேண்டாம் என்று நாம் முடிவு செய்தோம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. ஆயுத பூஜை சமயத்தில், தள்ளுபடி விற்பனையில், 24 மாதத் தவணையில் ஒரு கைப்பேசி வாங்கினார். "மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்" என்று கடையில் கொடுத்த வண்ணத் தாளிலே அச்சிட்டிருந்தது. பதினான்காம் மாதத்தில் அவருடைய மகன், பியூசி படிக்கும் பிள்ளை, கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். கடைசித் திருத்தம் வந்து ஒன்பது மாதமாகியிருந்தது! பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகவே, "அம்மா, இந்த மாடல் வெளிவந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டதே" என்று சொன்னாராம்.

கணக்குச் சரிதான். ஆனால் யாருடைய கணக்கு? கம்பெனியார் மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அம்மாளோ தாம் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார். இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம். தள்ளுபடி விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இப்படி வயது ஏறிய மாடல்களே என்பதை நாம் மறக்கலாகாது. விலை குறைந்ததற்கு ஒரு காரணம் ஆயுள் குறைந்ததே. ஆனால் விலை குறைந்தது மட்டும் பெரிய எழுத்தில் தெரிகிறது.

நாம் உத்தியோகம் பார்க்கும் இரயில்வேயில் மாதச் சீட்டு ஒன்று வாங்கினால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். பங்காரப்பேட்டையிலிருந்து தினந்தோறும் வந்துபோகும் தொழிலாளி அத்தேதியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மருந்துப் புட்டியில் காலாவதி மாதம் உண்டு. ரொட்டிப் பொட்டலத்திலும் உண்டு. கைப்பேசிப் பெட்டியில் என்ன உண்டு? பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, உற்பத்தி செய்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும், உச்ச விலையும், புகார் கொடுப்பதற்கான முகவரியும் தெரிவிக்கப்பட வேண்டும். மென்பொருளின் கடைசி நாளைத் தெரிவிக்க வேண்டும் என்று அவ்விதிகளில் இல்லை. பத்து ரூபாய் ரொட்டிக்கு உள்ள கடைசித் தேதி பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு இல்லை என்பது நமக்கு விந்தையாகவே படுகிறது.

அம்மாளின் கதை என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்லுகிறோம். அதற்கு முன், இத்தகைய விவகாரம் நம் நாட்டில் பெருவாரியான மக்களைத் தொட்ட சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்நாடுகளில் தொலைபேசிக் கம்பெனியே இரண்டு வருஷ ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு கைப்பேசியைக் கொடுப்பது வழக்கம். நம் நாட்டில் அது அபூர்வம். எனினும் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரிலையன்ஸ் ஜியோ கம்பெனியார் அறிவித்த ஜியோபோன் ஏறக்குறைய அவ்வகையானது. 1,500 ரூபாய் காப்புத் தொகை கட்ட வேண்டும். 36 மாதம் கழித்துக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தால் தொகையும் திரும்பக் கிடைக்கும். இடையில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவுக்கு ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். பொத்தான்கள் வைத்த அச்சிறு கைப்பேசியில் கை ஓ.எஸ். என்னும் மென்பொருள் இருந்தது. 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தது. கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து இந்நகருக்கு வந்த எத்தனையோ பேருக்கு இத்தகைய மலிவுக் கைப்பேசியே முதல் இணையமாக இருந்தது.

2024 ஜூன் மாதத்தில் கை ஓ.எஸ். கைப்பேசிகளில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்வது நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்தது. இதில் யார்மேல் குற்றம் சொல்வது? 2017-ல் வாங்கியவர் ஏழு ஆண்டு அனுபவித்துவிட்டார். மூன்று ஆண்டு ஒப்பந்தம் எப்போதோ தீர்ந்தது. அவர் வழக்காடினால் நாமே அவர் பக்கம் நிற்க மாட்டோம். ஆனால் அவ்வகைக் கைப்பேசி ஒன்றை, வாட்ஸ்அப் உண்டு என்ற விளம்பரத்தைப் பார்த்து, நிறுத்தம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒருவர் வாங்கியிருந்தால் அவர் நிலைமை வேறு. நிகழ்ச்சி ஒன்று, நியாயம் இரண்டு. வாட்ஸ்அப்பை நடத்துவதோ மெட்டா என்னும் வேறொரு கம்பெனி. அதனிடம் நாம் காசு கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை. ஆதலின் கேட்க வேண்டிய இடம், அந்த வசதியைச் சொல்லி நம்மிடம் பணம் வாங்கிய விற்பனைக்காரரும் கைப்பேசியைச் செய்தவருமே ஆவர்.

ஒப்பந்தக்காரர்கள் உலகம் முழுவதும் ஒரே நாளில் கலங்கிய சம்பவம் 2019-ல் நடந்தது. அவ்வாண்டு மே மாத நடுவில் அமெரிக்க அரசாங்கம் சீனாவின் ஹுவாவே கம்பெனியைத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. கூகிள் அக்கம்பெனியோடு வைத்திருந்த வியாபாரத்தை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. ஹுவாவேக்கு நம் பெங்களூரில் 1999 முதலே ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதன் ஹானர் பெயர் பொறித்த கைப்பேசிகள் அப்போது இந்தியச் சந்தையில் ஏராளம். "இனி அப்டேட் வருமா?" என்று இங்கும் கேட்டார்கள். இங்கிலாந்திலோ இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அப்போதுதான் கையெழுத்திட்டவர்கள், மாதப் பணத்தை இன்னும் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். சில தினங்களுக்குள் அமெரிக்க அரசாங்கம் 90 நாள் தற்காலிக அனுமதி வழங்கிற்று. அது பலமுறை நீட்டிக்கப்பட்டு 2020 ஆகஸ்டுவரை ஓடியது. முன்னரே விற்ற கைப்பேசிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று கம்பெனியும் உறுதி கூறியது. பயந்த அளவுக்குக் கேடு வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. கைப்பேசி ஒருவர் கையில். அதன் உயிரோ வேறு இருவர் மூவர் கையில்! நடுவில் அரசாங்கங்கள் சண்டையிட்டுக்கொண்டால், தவணை கட்டுகிறவரை யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பாவில் இவ்விஷயம் முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ஹாலந்து தேசத்து நுகர்வோர் சங்கத்தார் 2016-ல் சாம்சங் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார்கள். அப்டேட்டுகள் போதிய காலம் தரப்படவில்லை என்பது வாதம். 2018 மே மாதத்தில் ஹேக் நகர நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்கவில்லை. இனிமேல் நடக்கப்போவதைப் பற்றி இப்போதே எப்படிக் கட்டளையிடுவது என்பது நீதிமன்றத்தின் முக்கியமான தயக்கம். தோல்விதான். ஆயினும் நீதிமன்றத்தால் ஆகாததைப் பின்னர் சட்டம் இயற்றுவோர் செய்தார்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு விடப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்புக்கள் காசின்றிக் கிடைக்க வேண்டும். கவனியுங்கள்: முதல் நாளிலிருந்து அன்று, கடைசி நாளிலிருந்து. ஸ்ரீராம்புரத்து அம்மாள் கேட்டதும் இதே நியாயம்தானே! இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் குறைந்தது எதுவரை வரும் என்பதைச் செய்வோர் வெளியிட்டே ஆக வேண்டும்.

நம் நாட்டில் இத்தனை ஆண்டு என்று வரையறுத்த சட்டம் இல்லை. பழுதுபார்க்கும் வசதியை மதிப்பெண் இட்டுக் காட்டும் முறையொன்றை ஆராய மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழு 2025 மே மாதத்தில் தன் அறிக்கையைக் கொடுத்தது. கைப்பேசிகளுக்கு மதிப்பெண் இடும்போது உதிரி பாகம் கிடைப்பது, பிரித்துப் பூட்டும் எளிமை முதலியவற்றோடு மென்பொருள் புதுப்பிப்பையும் ஓர் அம்சமாக அக்குழு சேர்த்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் பரிந்துரை வேறு, சட்டம் வேறு. பரிந்துரையை நம்பி யாரும் தவணை எழுத வேண்டாம்.

அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன? 2020 ஜூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அது கைப்பேசி என்றோ அப்டேட் என்றோ பேசவில்லை. ஆனால் "குறை" என்பதற்கு அது தரும் விளக்கம் விரிவானது. சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாதது மட்டும் குறை அன்று. ஒப்பந்தப்படி இருக்க வேண்டியது இல்லாததும், வியாபாரி எவ்விதமாகவேனும் சொல்லி விற்றது இல்லாததும் குறையே. அவ்வாறே, வாங்குபவர் அறிய வேண்டிய விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொய்யான அல்லது மயக்கும் விளம்பரம் நேர்மையற்ற வணிக நடைமுறைக்குள் வருகிறது. ஆகவே அரசாங்கம் ஆண்டுக் கணக்கு விதிக்காவிட்டாலும், கம்பெனி தானே விதித்துக்கொண்ட கணக்குக்கு அது கட்டுப்பட்டாக வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது. பெட்டியில், விளம்பரத் தாளில், பத்திரிகையில், விற்பனைப் பக்கத்தில் சொன்ன சொல் எல்லாம் ஒப்பந்தத்தின் பங்காளிகள். சொல்லாத சொல்லுக்கு வழக்காடுவது கடினம். சொன்ன சொல்லுக்கு எளிது. நாம் முதலில் காகிதம், காகிதம் என்றது இதற்காகவே.

அம்மாளின் கையில் அந்த வண்ணத் தாள் இருந்தது. சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தாராம்! எண்ணெய்க் கறையோடு எடுத்து வந்தார். அதில் "மூன்று ஆண்டு" என்று இருந்ததே தவிர, மாடல் வெளிவந்த நாளிலிருந்து என்று எங்கும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்கு அவர் மகன் பேசினான். அங்கே தமிழிலும் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. கன்னடமும் ஆங்கிலமும் வராதே என்று தயங்குகிறவர்கள் தயங்க வேண்டுவதில்லை. புகார் பதிவாகிக் கம்பெனிக்குப் போயிற்று. முதல் பதில் பழைய பதிலே. தாளின் படத்தை அனுப்பி, "இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டபின் தொனி மாறியது. முடிவில் அந்தக் கைப்பேசியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கட்டிய விலையில் பெரும்பகுதியைக் கழித்து, புதிய மாடல் ஒன்றைத் தந்தார்கள். முழு நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம். மிச்சத்துக்காக ஆணையத்துக்குப் போகலாம் என்றோம். "ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும் அண்ணா" என்றார் அம்மாள். அவர் சொன்னதும் நியாயம்தான்.

1915-ல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து வாழும் குடும்பத்தார் இங்கே ஒன்றை முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, பொதுவாக எதிர்க்கட்சிக்காரர் இருக்கும் இடத்திலோ விவகாரம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சேலத்தில் வாங்கிய பொருளுக்குச் சேலத்துக்கே ஓட வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே வேலை செய்து பிழைக்கிறாரோ அவ்விடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கைப்பேசியைத் திருப்பத்தூரில் வாங்கியிருந்தாலும் பெங்களூரில் புகார் செய்யலாம். இங்கே வாங்கி ஊருக்கு அனுப்பியிருந்தாலும் அவ்வாறே. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி என்னும் இணைய வாயிலின் மூலம் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம். விண்ணப்பித்தால் காணொலி மூலம் விசாரணைக்கு ஆஜராகவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வர வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகக்கூடும் என்று எண்ணியே இறங்குவது நல்லது.

தொலைபேசிக் கம்பெனியிடம் கைப்பேசியை வாங்கியவர்களிடம், "எங்கள்மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது, தந்திச் சட்டம் தடுக்கிறது" என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. அந்த வாதம் ஒரு காலத்தில் செல்லுபடியானது உண்மையே. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடபோன் ஐடியா கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. இனி யாரேனும் அப்படிச் சொன்னால் இத்தேதியைச் சொல்லுங்கள்.

அன்பர் ஒருவர், "அப்டேட் நின்ற மாதத்திலிருந்து தவணையை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். கைப்பேசியை விற்றவர் ஒருவர். அதற்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் வேறொரு கடன் கம்பெனி. காகிதங்களும் இரண்டு. கைப்பேசியில் குறை என்பதற்காகக் கடனை நிறுத்தினால் அபராதமும் வட்டியும் ஏறும். கடன் தகுதிக் கணக்கில் கறை படியும். நாளைக்கு மகளின் படிப்புக்கோ ஊரில் வீடு கட்டவோ கடன் கேட்கப் போகும்போது அது முன்னே வந்து நிற்கும். சில தவணைக் கைப்பேசிகளில் பாக்கி விழுந்தால் கைப்பேசியையே பூட்டிவிடும் ஏற்பாடும் உண்டு. 2021-ல் வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் என்னும் தவணைக் கைப்பேசியிலேயே அது இருந்தது. தவணையைக் கட்டிக்கொண்டே சண்டையிட வேண்டும். கசப்பாக இருந்தாலும் அதுவே வழி.

அப்டேட் வராததே குறை என்று எண்ணிவிட வேண்டாம். வந்ததாலும் குறை வருவதுண்டு. ஐபோன்களில் ஐ.ஓ.எஸ். 18 பதிப்பை ஏற்றியபின் ஓட்டம் கெட்டதாகப் புகார்கள் வந்ததன்பேரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிள் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியதாக, நம் மாநிலத்துத் தார்வாடு தொகுதியிலிருந்து சென்ற மந்திரி பிரஹ்லாத் ஜோஷி 2025 ஜனவரியில் தெரிவித்தார். அத்தகைய குறைக்கும் புகார் வழி இதுவே.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. எஸ்.பி. ரோடிலோ மற்றெங்கேயோ கடையில் நிற்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்த வருஷம், எந்த மாதம்வரை வரும்?" எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டாம், ஆண்டுக் கணக்கில்தான் மயக்கம் இருக்கிறது. பதிலாக வரும் மாதத்தை உங்கள் கடைசித் தவணை மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் முன்னால் முடிந்து தவணை பின்னால் முடியுமானால் அந்த வியாபாரம் நமக்கு ஆகாது. கடைக்காரருக்கு விடை தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் மாடல் பெயரோடு தேடினால் பெரிய கம்பெனிகள் பலவற்றிற்கு விடை கிடைக்கும். 2023 அக்டோபரில் வந்த கூகிள் பிக்ஸல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்-24-க்கும் 7 ஆண்டு என்று அறிவித்தார்கள். அவை விலை உயர்ந்தவை. நம்மில் பலர் வாங்கக்கூடியவை அல்ல. ஆனால் மலிவான கைப்பேசிக்கு வாக்குறுதியே முடியாது என்பதும் பொய். 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கம்பெனிகளோடு சேர்ந்து கூகிள் இந்தியாவிலேயே முதன்முதல் வெளியிட்ட ஆண்ட்ராய்டு ஒன் கைப்பேசிகள் 6,399 ரூபாயில் தொடங்கின. அவற்றிற்கு இரண்டு ஆண்டுவரை புதுப்பிப்பு உண்டு என்று அன்றே சொன்னார்கள்.

ரசீது, தவணை ஒப்பந்தம், பெட்டி, விளம்பரத் தாள் ஆகிய நான்கையும் தவணை முடிந்து ஓர் ஆண்டுவரை எறிய வேண்டாம். இணையத்தில் வாங்கினால் விற்பனைப் பக்கத்தை அன்றே படம் எடுத்து, வேறொருவர் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். பக்கம் பிறகு மாறிவிடலாம். உங்கள் கைப்பேசிக்குத் திருத்தம் வருகிறதா என்று அறிய, அமைப்புப் பகுதியில் "கைப்பேசியைப் பற்றி" என்னும் இடத்துக்குள் சென்று ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி தெரியும். சில கைப்பேசிகளில் சற்று வேறிடத்தில் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள்.

புகார் எழுத உதவி வேண்டுவோர், மேற்சொன்ன காகிதங்களின் நகல்களோடு வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணிக்குமேல் சங்கக் கட்டிடத்துக்கு வரலாம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர இரு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். மூலப் பத்திரங்களை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், நம்மிடமும்தான்.